முதலை முதலை இழந்தபின்

நேயர்களுக்கு வணக்கம். இந்த உரைக்கு ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் வாகனம் ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் மட்டும் மனத்துக்குள் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் பேசப்போவது பூடகமான குறுக்கெழுத்துப் புதிர்களைப் பற்றி. முதலில் ஒரு குறிப்பு. "முதலை முதலை இழந்தபின் மிஞ்சும் சிரம்." அடைப்புக்குறிக்குள் இரண்டு என்று போட்டிருக்கிறது, அதாவது விடைக்கு இரண்டு கட்டங்கள். படித்தவுடன், அச்சுக் கோப்பவர் ஒரே சொல்லைக் கைதவறி இருமுறை போட்டுவிட்டாரோ என்று தோன்றும். ஆற்றில் கிடக்கும் முதலைக்கும் வியாபாரத்தில் போட்ட முதலுக்கும் என்ன தொடர்பு என்று யோசிக்கத் தொடங்கினால் குறிப்பு விரித்த வலையில் விழுந்துவிட்டோம். கதையை மறந்துவிட்டுச் சொற்களை மட்டும் பாருங்கள். முதலில் வரும் முதலை விலங்கு. அடுத்து வரும் முதலை என்பது முதல் என்னும் சொல்லோடு ஐ உருபு சேர்ந்தது. முதலை என்ற சொல் தன் முதல் எழுத்தாகிய 'மு'வை இழந்தால் மீதம் நிற்பது தலை. கடைசியில் இருக்கும் சிரம் என்பதற்கும் அதுவே பொருள்.

இவ்வகைக் குறிப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று விடையின் நேர்ப்பொருள். அது தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும், நடுவில் ஒருபோதும் இராது. மற்றொன்று அதே விடையை எழுத்து எழுத்தாகச் செய்து காட்டும் வழி. எனவே விடையைக் கண்டுபிடித்தவர் அது சரிதானா என்று பிறரைக் கேட்க வேண்டியதில்லை. இரண்டு வழியாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தால் விடை சரி. சேராவிட்டால் அவரோ புதிர் அமைத்தவரோ தவறியிருக்கிறார்.

இதன் வரலாற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் வெளியிட்ட சாய்சதுரப் புதிரே இன்றைய குறுக்கெழுத்தின் தொடக்கம். அதில் இருந்தவை நேரடிக் குறிப்புகளே. அவற்றைப் பூடகமாக்கியவர்கள் ஆங்கிலேயர்கள். 1926 முதல் 'அப்சர்வர்' வார இதழுக்குப் புதிர் அமைத்த டார்க்கிமாடா என்பவரும், அவருக்குப் பின் அதே இதழில் அமைத்த சிமனீசும் ஸ்பெயின் நாட்டுச் சமய விசாரணை அதிகாரிகளின் பெயர்களைப் புனைபெயர்களாகச் சூட்டிக்கொண்டவர்கள் என்பதிலிருந்தே வாசகரை என்ன பாடு படுத்தினார்கள் என்பது விளங்கும். ஆயினும் ஆஃப்ரிட் என்ற புனைபெயருடைய ரிட்சி 1949-இல் இந்தக் கலைக்கு ஒரு நேர்மையை விதித்தார்: நான் சொல்வதையே நான் கருதியிருக்க வேண்டியதில்லை, ஆனால் நான் கருதுவதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த விதி தமிழுக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதே நான் பேச வந்தது. ஆங்கிலப் புதிர்க்காரர் பெரிதும் நம்பியிருப்பது எழுத்துகளைக் கலைத்து அடுக்கும் உத்தி. ஆங்கிலத்தில் உயிர் தனியாகவும் மெய் தனியாகவும் கட்டத்தில் அமர்வதால் எட்டு எழுத்துச் சொல்லை எப்படி வேண்டுமானாலும் குலுக்கலாம். நம் கட்டத்தில் அமர்வது உயிர்மெய். கோலாலம்பூர் என்று எழுதினால் கோ, லா, ல, ம், பூ, ர் என்று ஆறே கட்டங்கள். (கணினிக்கு இது புரிவதில்லை. கட்டம் வரைய ஒருமுறை ஒரு மென்பொருளை நம்பினேன்; அது காலையும் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி இந்த ஊருக்குப் பதினொரு கட்டம் போட்டுக் கொடுத்தது.) எழுத்துகள் குறைவாகவும் இறுகியும் இருப்பதால் கலைத்தால் வேறொரு சொல் அமைவது அரிது, அமைந்துவிட்டால் விருந்துதான். "நகரம் குழம்பிப்போனால் எமலோகம்", நான்கு கட்டங்கள். நகரத்தின் நடு எழுத்துகள் இரண்டும் இடம் மாறினால் நரகம். மாலை மழைக்குப் பின் ஜாலான் ஈப்போவில் வண்டியோடு நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கலைப்பது அரிதென்றால் வேறு கருவிகள் வேண்டும். அவை நம் அணியிலக்கணத்தில் சித்திரக்கவி என்ற பெயரில் பல நூற்றாண்டுகளாக இருக்கின்றன. முதலையின் தலையெழுத்தை எடுத்தோமே, ஒரு சொல்லின் எழுத்தை நீக்கி நீக்கி வேறுவேறு பொருள் காணும் அந்த வித்தைக்கு அக்கரச் சுதகம் என்று பெயர். ஒரு செய்யுளுக்குள் மற்றொரு செய்யுளின் எழுத்துகளை ஒளித்துவைப்பது கரந்துறைச் செய்யுள். இந்தக் கடைசி உத்தியில், பினாங்கை நினைத்துக்கொண்டு நான் அமைத்த குறிப்பு ஒன்று: "சீதா மரைக்காயரிடம் ஒளிந்துள்ள மலர்", மூன்று கட்டங்கள். சீதா யார், அவர் எப்படி மரைக்காயர் ஆனார் என்றெல்லாம் ஆராயாமல், இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள வெளியை அடைத்துவிட்டு மெல்லப் படித்தால் தாமரை தானே தெரியும்.

ஆங்கிலத்தால் செய்யவே முடியாத ஒன்றும் நம்மிடம் உண்டு. அது மாத்திரைச் சுருக்கம். "காலம் குறுகியதால் கடலில் மிதப்பது", மூன்று கட்டங்கள். காலத்தின் நெடிலைக் குறிலாக்கி ஒரு மாத்திரையைக் குறைத்தால் கலம். கலம் என்றால் கப்பல். எழுத்தைக் கூட்டவில்லை, நீக்கவில்லை, இடம் மாற்றவும் இல்லை. ஒலியின் அளவை மட்டும் பாதியாக்கினோம். என்னைக் கேட்டால் தமிழ்ப் புதிருக்கே உரிய அழகு இதுதான், இதை இன்னும் நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

எளிதாகத் தீராத வழக்கு ஒன்றும் இருக்கிறது. பூவையும் கடையையும் சேர்த்தால் பூக்கடை. குறிப்பில் பூவும் கடையும் மட்டும் சொல்லப்பட்டிருக்க, நடுவில் வந்த 'க்' யார் கொடுத்தது? ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகம் ஒன்றில் நாங்கள் நான்கைந்து பேர் தே தாரிக் என்னும் பால் தேநீரை ஆறவிட்டுப் புதிர் போடுவதுண்டு. அங்கே தமிழ்ப்பள்ளியில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எங்களுக்கு அவர் வாத்தியார். குறிப்பில் சொல்லாத எழுத்து கட்டத்தில் வரலாகாது என்பது அவர் கட்சி. புணர்ச்சியில் வரும் ஒற்றைத் தமிழர் நாக்கே கொண்டுவந்து தருகிறது, அடைப்புக்குறிக்குள் நான்கு என்று போட்டால் போதும் என்பது என் கட்சி. இந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் வேறொரு வழக்கில் நான் தோற்றேன். "சிரத்தை அடுத்து 'இடம்பெயர்' என்றால் கோலாலம்பூர்", ஐந்து கட்டங்கள் என்று ஒரு குறிப்பு எழுதி, பெருமையோடு தாளை அவர் பக்கம் தள்ளினேன். சிரம் என்றால் தலை, இடம்பெயர் என்றால் நகர், இரண்டும் சேர்ந்தால் தலைநகர். அதைப் படிப்பவர் சிரத்தை என்ற சொல்லை அக்கறை என்று எண்ணி ஏமாறுவார் என்பது என் கணக்கு. வாத்தியார் ஏமாறவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விடையை அரை நிமிடத்தில் எழுதிவிட்டு, "தம்பி, கோலாலம்பூர் தலைநகர்தான். தலைநகரெல்லாம் கோலாலம்பூரா?" என்று கேட்டார். "ஐயா, இங்கே இருப்பவர்களுக்கு அதுதானே முதலில் நினைவுக்கு வரும்" என்று சமாளித்துப் பார்த்தேன். "நினைவுக்கு வருவது வேறு, பொருள் வேறு" என்று முடித்துவிட்டார். வகையின் பெயரைச் சொல்லி அதில் ஒன்றை விடையாகக் கேட்பது முறை. மலர் என்று சொல்லித் தாமரையைக் கேட்கலாம். ஒன்றை மட்டும் சொல்லி முழு வகையையும் கேட்பதென்றால் 'போன்றது' என்றோ 'எடுத்துக்காட்டாக' என்றோ ஒரு சொல் வைத்தாக வேண்டும். அன்றே "கோலாலம்பூர் போன்றது" என்று திருத்தினேன். ஓசை சற்றுக் கெட்டது, நேர்மை வந்தது.

குறிப்புகளை விடக் கட்டங்களை நிரப்புவதே தமிழில் கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். 26 எழுத்துகளுக்குள் இரண்டு சொற்கள் சந்திப்பது எளிது. நமக்கோ வடவெழுத்துகளைச் சேர்க்காமலே 247. மேலும் மெய்யெழுத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது. ஆகையால் நகரம் என்று குறுக்கே எழுதினால் அதன் கடைசிக் கட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல்லையும் தொடங்க முடியாது. அந்த 'ம்' மேலிருந்து இறங்கிவரும் இன்னொரு சொல்லின் நடுவிலோ முடிவிலோதான் நிற்க வேண்டும். தமிழ்க் கட்டங்களின் வலது கீழ் மூலையில் மகர ஒற்று அடிக்கடி குடியிருப்பதற்குக் காரணம் இதுவே. விடை தேடுபவர் அந்த மூலையிலிருந்து தொடங்கினால் சில சமயம் பாதி வேலை குறையும்.

திருஞானசம்பந்தர் சீகாழியின் மேல் பாடிய மாலைமாற்றுப் பதிகத்தைப் பலர் அறிவீர்கள். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் அடி மாறாது. புதிரில் அவ்வளவு வேண்டாம், திருப்பிப் படித்தால் வேறொரு சொல் வந்தால் போதும். அதற்கு எடுத்துக்காட்டாக வைத்திருந்த குறிப்பை மட்டும் விளக்காமல் விட்டுச் செல்கிறேன்: "பருவம் திரும்பி வந்தால் இரும்புக்குப் பகை." இரண்டு கட்டங்கள். வணக்கம்.