சிங்க் நிறையாத இராச்சாப்பாடு

வணக்கம் நேயர்களே.

பின்னேரம் ஆறரை, ஏழு மணிக்கு கொழும்புக் காலி வீதி நெரிசலைக் கடந்து வீட்டுக்கு வந்து சேர்கிறவருக்குச் சமையல் அவ்வளவு பெரிய பாடில்லை. அரை மணித்தியாலத்தில் ஏதாவது அவித்து இறக்கிவிடலாம். பாடு எல்லாம் ஒன்பது மணிக்கு, சிங்கில் கிடக்கிற சட்டிகளோடுதான்.

சோறு, பருப்பு, அவித்த முட்டை, இவ்வளவுதானே என்று தொடங்குவோம். முடிவில் எண்ணிப் பாருங்கள்: ரைஸ் குக்கர், பருப்புச் சட்டி, முட்டை அவித்த சட்டி, தாளித்த தாச்சி, தேங்காய் திருவிய தட்டு, பிளெண்டர், வடி, பாலைப் பிடித்த கிண்ணம். எட்டுப் பாத்திரம். திருவலையை இன்னும் எண்ணவில்லை. இந்த எட்டில் சாப்பாட்டை அவித்தவை மூன்றுதான். மற்ற ஐந்தும் சில்லறை வேலைக்கு வந்தவை. அந்த ஐந்தில் நான்கு தேங்காயால் வந்தவை. ஆகவே தேங்காயிலிருந்தே தொடங்குவோம்.

வார நாளில் பால் பிழியாதீர்கள். தேங்காய்ப்பால் மா போதும். சுவையில் ஒரு படி இறக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு அந்த ஒரு படியை யாரும் அளந்து பார்ப்பதில்லை. மாவைக் கொதிக்கிற சட்டிக்குள் நேராகக் கொட்டினால் கட்டி பிடிக்கும். வெளிப்புறம் சட்டென்று நனைந்து மூடிக்கொள்ள, உள்ளே மா காய்ந்தபடியே இருந்துவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரையுங்கள். அதற்கென்று கிண்ணம் எடுக்க வேண்டாம், அரிசி அளந்த கப்பே போதும். சம்பலுக்குத் தேங்காய்ப்பூ வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு காயைத் திருவி, நூறு நூறு கிராமாகப் பையில் போட்டு, தட்டையாக அமத்தி பிரீசரில் வையுங்கள். உருண்டையாக வைத்தால் நடுப்பகுதி இளகவே அரை மணித்தியாலம் எடுக்கும்.

இனி முழுச் சாப்பாட்டையும் ரைஸ் குக்கரிலேயே முடிக்கிற வழி. நான்கு பேருக்கு: குக்கரோடு வருகிற 180 மில்லிலீட்டர் கப்பால் இரண்டு கப் வெள்ளைப் பச்சையரிசி, அதாவது ஏறக்குறைய 300 கிராம். மைசூர்ப் பருப்பு 100 கிராம். பூசணிக்காய் 250 கிராம், தோலோடு, இரண்டு விரல் அகலத் துண்டாக. ஒரு பெரிய வெங்காயம், மூன்று பச்சைமிளகாய், நான்கு பல்லு உள்ளி, ஒரு ரம்பைத் துண்டு, கறிவேப்பிலை, கால் தேக்கரண்டி மஞ்சள், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. தண்ணீர் அதே கப்பால் நாலரை. நாட்டரிசி என்றால் ஐந்தரைக் கப் வையுங்கள். சிவப்பரிசி என்றால் வேலைக்குப் போகும்போதே ஊறப்போட்டு, பிரிட்ஜில் வைத்துவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் பருப்புக் கரைந்து போயிருக்கும், அரிசி பல்லில் கடிபடும்.

எல்லாவற்றையும் போட்டு சுவிட்சைத் தட்டலாம். தேங்காய்ப்பாலைத் தவிர. பலர் பிழைவிடுகிற இடம் இதுதான். சாதாரண ரைஸ் குக்கரின் அடியில் சூட்டை அறிகிற ஒரு காந்தம் இருக்கிறது. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை சூடு நூறு பாகையைத் தாண்டாது. தண்ணீர் முழுவதும் உறிஞ்சப்பட்டு அடிச்சூடு ஏறும்போது காந்தம் பிடியை விடும், சுவிட்சும் ‘டக்’ என்று மேலே வரும். தொடக்கத்திலேயே கட்டிப்பாலை ஊற்றினால் பாலின் கெட்டிப்பகுதி அடியில் படிந்து தீயும். அந்த இடம் மட்டும் சூடேறியதும் குக்கர் ‘வெந்துவிட்டது’ என்று நினைத்து நின்றுவிடும். மேலே அரிசி அரைவேக்காடு, கீழே கரி. இரண்டு பாவமும் ஒரே சட்டியில். கரியைச் சுரண்டப் போய்த்தான் உள்பாத்திரத்தின் பூச்சும் போகிறது.

சுவிட்ச் மேலே வந்த பிறகு, மூன்று மேசைக்கரண்டி தேங்காய்ப்பால் மாவை அரைக் கப் தண்ணீரில் கரைத்து மேலால் ஊற்றி, ஒருமுறை அடியோடு பிரட்டி, மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். அந்த இதமான சூடே பாலை இழுத்துக்கொள்ளும். தேசிக்காய்ப் புளி சாப்பிடும் தட்டில். தக்காளியோ பழப்புளியோ முதலிலேயே விழுந்தால் பருப்பு அவிவது பிந்தும்.

இன்னொரு தொல்லை, நுரை. பருப்பின் நுரை மூடியின் ஓட்டையால் பொங்கி, குக்கரின் பக்கத்தால் வழிந்து, மேசையில் காய்ந்து பசையாகிவிடும். பிறகு அதைத் துடைக்கிற நேரத்தில் இன்னொரு கறியே வைத்துவிடலாம். பருப்பைத் தண்ணீர் தெளியும்வரை நாலைந்து தரம் கழுவுங்கள். ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விடுங்கள், நுரை அடங்கும். தண்ணீர் மட்டம் பாத்திரத்தின் பாதியைத் தாண்ட விடாதீர்கள். ஒரு லீட்டர் சின்னக் குக்கரில் இந்த அளவு அடங்காது. 1.8 லீட்டர் வேண்டும். சின்னதுதான் இருக்கிறதென்றால் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள்.

தாளிதம் இல்லாமல் பருப்பு ருசிக்காது என்பீர்கள். சரி, ஒரு தாச்சி எடுப்போம். ஆனால் அந்தத் தாச்சி இரண்டு வேலை பார்க்கட்டும். நெத்தலிக் கருவாடு 100 கிராம், தலை கிள்ளி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் கிடந்து உப்பு இறங்கட்டும். பிறகு நன்றாகப் பிழிந்து, பழைய பத்திரிகைத் தாளில் இல்லை, சமையல் தாளில் அல்லது துணியில் ஒற்றி ஈரத்தை எடுங்கள். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் தண்ணீர் வெடித்து அடுப்பு, சுவர், சட்டை எல்லாம் எண்ணெய்ப் பொட்டு. மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் மொறுமொறுப்பாகும்வரை நாலைந்து நிமிடம் பொரித்து, தாச்சியின் ஓரத்துக்கு ஒதுக்குங்கள். நடுவில் அதே எண்ணெயில் கடுகு, செத்தல்மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை. வெங்காயம் பொன்னிறமானதும் அடுப்பை நிறுத்தி எல்லாவற்றையும் பிரட்டினால் தாளிதமும் அதுதான், பொரியலும் அதுதான். சோற்றின் மேல் கொட்டுங்கள். சைவக்காரர் நெத்தலிக்குப் பதில் மோர்மிளகாயும் அப்பளமும் பொரிக்கலாம்.

கழுவ வந்தவை: குக்கர்ப் பாத்திரம், தாச்சி, கத்தி, பலகை, அகப்பை, தட்டுகள்.

அடுத்த நாள் சமைக்கவே மனமில்லை என்றால் இடியப்பத்தைக் கடையில் வாங்குங்கள். இடியப்பம் அவிப்பது வார நாள் வேலையே இல்லை. உரல், தட்டு, குழைத்த மா எல்லாம் சேர்ந்து ஒரு சிங்க்கை நிறைத்துவிடும். பின்னேரம் வெள்ளவத்தைப் பக்கம் சுடச்சுட விற்கிறார்கள். வீட்டில் ஒரு சொதி மட்டும் வைத்தால் போதும். இடியப்பம் தீர்ந்திருந்தால் ஒரு இறாத்தல் பாண்.

சொதிக்குள்ளேயே முட்டையை உடைத்து ஊற்றுங்கள். அவிக்கிற சட்டியும் மிச்சம், கோது உரிக்கிற வேலையும் மிச்சம். 400 மில்லிலீட்டர் தண்ணீரில் வெங்காயம், கீறிய பச்சைமிளகாய் நான்கு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், கால் தேக்கரண்டி மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை போட்டு வெங்காயம் வாடும்வரை எட்டு நிமிடம் கொதிக்கட்டும். அடுப்பை ஆகக் குறைத்து, நீர்மட்டத்துக்குக் கிட்டப் பிடித்து நான்கு முட்டையை ஒவ்வொன்றாக, வேறுவேறு இடத்தில் உடைத்து விடுங்கள். மூடுங்கள். கரண்டி போடாதீர்கள். கிளறினால் வெள்ளைக்கரு நூல் நூலாகப் பிரிந்து சொதி முழுக்கப் பரவும். ஐந்து நிமிடத்தில் வெள்ளை இறுகும், மஞ்சள் கொஞ்சம் இளக்கமாக இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மஞ்சளும் இறுகும்வரை, எட்டு நிமிடம் மட்டில் விடுங்கள்.

பிறகு மாவைக் கட்டியாகக் கரைத்த தேங்காய்ப்பால் 150 மில்லிலீட்டர். ஊற்றியபின் கொதிக்க விடக்கூடாது. சட்டியின் ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் எழும்பத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். தேசிக்காய் இறக்கியபின்தான், அதுவும் இரண்டு நிமிடம் பொறுத்து. கொதிநிலையில் புளி விட்டால் பால் திரைந்து, மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாகிவிடும். திரைந்தாலும் சாப்பிடலாம், பார்க்கத்தான் நன்றாயிராது.

மிஞ்சிய இடியப்பம் அடுத்த நாள் கொத்து. சூடான இடியப்பத்தில் கொத்துப் போட்டால் களியாகும். பிரிட்ஜில் ஆறி இறுகியது வேண்டும். லீக்ஸ், கரட், இரண்டு முட்டை, ஒரு தாச்சி, அவ்வளவுதான்.

டின் மீனுக்கு ஒரு சொல். 425 கிராம் டின்னைக் கறிக்குள் கொட்டியபின், கறிக்கு விடவேண்டிய தண்ணீரை முதலில் டின்னுக்குள் விட்டு அலசி ஊற்றுங்கள். ருசியும் வீணாகாது, குப்பைக்கூடையும் நாறாது. அந்த மீன் ஏற்கெனவே வெந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் கொதித்தால் தூளாகிவிடும்.

கழுவும் இடத்துக்கு வருவோம். சோற்றுப்பசை, முட்டை, பால் பட்ட சட்டிக்கு முதலில் பச்சைத்தண்ணீர்தான். சுடுதண்ணீர் விட்டால் முட்டை இன்னும் ஒருமுறை வெந்து ஒட்டிக்கொள்ளும். சாப்பிட உட்காரும்போதே குக்கர்ப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டால் எழும்பும்போது விரலால் வழித்தாலே வரும். எண்ணெய்த் தாச்சி வேறு கதை. தேங்காயெண்ணெய் 24 பாகை அளவில் உறையும். கொழும்பில் அது வெளியே உறைவதில்லை, ஆகவே சவர்க்காரமும் பச்சைத்தண்ணீரும் போதும். நுவரெலியா நேயர்கள் மன்னிக்க வேண்டும், உங்களுக்குச் சுடுதண்ணீர் தேவை. எந்த ஊரானாலும் முதலில் தாளால் எண்ணெயைத் துடைத்துக் குப்பையில் போடுங்கள். மாடிவீட்டுக் குழாயில் எண்ணெயும் சோற்றுப்பருக்கையும் சேர்ந்தால் அடைப்பு உங்களோடு நிற்காது, கீழ்வீட்டுக்கும் போகும்.

பூச்சுப் போட்ட பாத்திரத்துக்குக் கம்பி நார் வேண்டாம், தென்னந்தும்பும் வேண்டாம், பஞ்சு போதும். மஞ்சள் பிடித்த பிளாஸ்டிக் டப்பாவைத் தேய்த்துக் கையை நோகடிக்காமல் கழுவி வெயிலில் வையுங்கள், மஞ்சள் தானாக வெளிறும். தட்டுக் கழுவாமலிருக்க லஞ்ச் சீட் விரிக்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்துவிட்டது. சுடுசோறு போட அது நல்லதும் இல்லை. வாழையிலை கிடைத்தால் விரியுங்கள்.

கடைசியாக, மிஞ்சிய சோறு. கொழும்புச் சூட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. பாலும் சேர்ந்த சோறு இன்னும் கெதியாகப் புளிக்கும். குக்கரோடு அப்படியே பிரிட்ஜில் தள்ளினால் நடுப்பகுதி ஆற நேரமெடுக்கும். ஆழமில்லாத டப்பாவில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, ஆவி அடங்கியதும் மூடி வையுங்கள். காலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஆவி பறக்கச் சூடாக்கினால் காலைச் சாப்பாட்டுக்கு ஆகும்.

வணக்கம்.