ஊட்டி ரயிலுக்குக் கம்பி வேண்டாம், டீசலே இருக்கட்டும்!

வணக்கம் மக்களே! குன்னூர் ஸ்டேஷனில் நிற்கிறேன். போன வீடியோவுக்குக் கீழே திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: "நாடு முழுக்க கரண்ட் ரயில் வந்தாச்சு, ஊட்டிக்கு மட்டும் ஏன் இன்னும் டீசல்?" படிக்கப் படிக்க எரிச்சல். 99 சதவீதப் பாதை மின்மயம் என்கிறார்களே, அது அகலப்பாதைக் கணக்கு. இது தண்டவாள இடைவெளி குறைவான மீட்டர் கேஜ், அதில் சேரவே சேராது.

சரி, மேலே மின்கம்பி போடுவோம் என்றே வையுங்கள். மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை 46 கிலோமீட்டரில் 16 குகைகள், பெரும்பாலும் குன்னூருக்குக் கீழே. குட்டிப் பெட்டிகளுக்காகக் குடைந்தவை. 25,000 வோல்ட் கம்பிக்கு இடைவெளி வேண்டுமென்றால் பாறையை மறுபடி செதுக்க வேண்டும். யுனெஸ்கோ 2005-இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பாதையில் அதைச் செய்யலாமா? குன்னூரிலிருந்து மேலே ஊட்டி வரைக்கும் மட்டும் போட்டால், அந்தப் பதினெட்டு கிலோமீட்டர் சொச்சத்துக்குத் தனி என்ஜின், தனி ஷெட். மீட்டர் கேஜ் மின்சார என்ஜினுக்கு எங்கே போவது? விழுப்புரம் பக்கம் ஓடிய ஒய்ஏஎம்-1 எல்லாம் எப்போதோ ஓய்ந்துவிட்டன.

புகை என்பீர்கள். கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை, தண்டவாள நடுவிலுள்ள பல்வரிசையைப் பல்சக்கரத்தால் பிடித்து ஏறும் நீராவி என்ஜின்கள் பலவும் இன்று எண்ணெயில்தான் எரிகின்றன. அதை ரசித்துவிட்டு டீசலைத் திட்டுவது நியாயமே இல்லை.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன்! சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில்தான் வந்தேன். மேட்டுப்பாளையம் வரை மின்சாரம், அங்கிருந்து நீராவி, குன்னூரில் ஒய்டிஎம்-4 டீசல். ஒரே பயணத்தில் மூன்றும்! இது வேறு எங்கே கிடைக்கும்?

அந்த ஒய்டிஎம்-4 அமெரிக்க என்ஜின் கம்பெனியான ஆல்கோவின் வடிவமைப்பு. அகலப்பாதையில் ஆல்கோ சத்தம் அருகிவிட்டது. இன்று என்ஜினை ஒட்டிய பெட்டியிலேயே ஜன்னல் சீட்! வெலிங்டன் தாண்டி ஏற்றத்தில் அது இழுத்துவிட்ட மூச்சு இருக்கிறதே, அப்பப்பா... சரியாக அந்த நேரம் எதிர் சீட்டு அண்ணன் போனில் பாட்டைப் போட்டார், முழு வால்யூமில். "அண்ணா, கொஞ்சம் குறைங்க" என்றேன், குறைத்தார். அருவங்காட்டில் மறுபடி ஏற்றினார். கேமராவைக் காட்டிக் கெஞ்சினேன். நல்ல மனிதர், அணைத்துவிட்டு அவரும் ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தார்!

அதனால் கேத்தி வரைக்கும் ஒலி சுத்தமாகக் கிடைத்திருக்கிறது. வெட்டாமல், பேசாமல், அப்படியே அடுத்த வீடியோவாகப் போடுகிறேன். ஹெட்போனில் கேளுங்கள்.