ஏறவும் இறங்கவும் ஒரு நாற்காலி

அனைவருக்கும் வணக்கம்.

ஆப்பிரிக்க அதிபர் என்றதும் நம்மில் பலருக்கு மனதில் வருவது ராணுவ உடுப்பு, கறுப்புக் கண்ணாடி, முப்பது வருஷமாக நகராத ஓர் ஆள். அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அதற்காக 54 நாடுகளையும் அந்த ஒரே படத்துக்குள் அடைத்துவிட எனக்கு மனம் வரவில்லை. இன்று கானாவைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அங்கே அதிபர் பதவி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதிலிருந்து அது தேறி வந்த விதம்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கானாவின் தலைநகர் அக்ராவின் கடற்கரையில், அலை வந்து மோதும் பாறைமேல் வெள்ளையடித்த கோட்டை ஒன்று இருக்கிறது. பெயர் ஓசு கோட்டை. 17ஆம் நூற்றாண்டில் டென்மார்க்காரர்கள் கட்டியது. அதன் அறைகளில் மனிதர்களை அடைத்துவைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றி அனுப்பினார்கள். பின்னால் அது பிரிட்டிஷ் ஆளுநரின் மாளிகையானது. 1948 பிப்ரவரி 28 அன்று முன்னாள் படைவீரர்கள் கையில் ஒரு மனுவோடு அந்தக் கோட்டையை நோக்கி நடந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காகப் பர்மா வரை போய்ச் சண்டையிட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். வாக்குக் கொடுத்த ஓய்வூதியத்தைக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. வழியிலேயே போலீஸ் சுட்டது. அட்ஜெட்டே, அட்டிப்போ, ஒடார்ட்டே லாம்ப்டே என்ற மூன்று பேர் செத்து விழுந்தார்கள். நகரம் பற்றி எரிந்தது. ஒன்பதே வருஷத்தில், 1957 மார்ச் 6 அன்று, கானா விடுதலை பெற்றது.

அதற்கு அப்புறமும் ஆட்சி பெரும்பாலும் அந்தக் கோட்டையிலிருந்தே நடந்தது. அரசாங்கத்தை அங்கேயும் மக்கள் அப்போது ‘கோட்டை’ என்றுதான் சொல்வார்கள். அடிமைகளை அடைத்த சுவர்களுக்குள் ஒரு சுதந்திர நாட்டின் தலைவர் உட்கார்ந்திருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

முதல் அதிபர் குவாமே நக்ருமா. 1960 ஜூலை 1 அன்று நாடு குடியரசானபோது பதவியேற்றார். அவரை எதிர்த்துப் போட்டியிட்டவர் டன்குவா, விடுதலைப் போராட்டத்தின் மூத்த தலைவர்களில் ஒருவர். விசாரணையில்லாமல் சிறைவைக்க ஒரு சட்டம் 1958லேயே வந்திருந்தது. 1965 பிப்ரவரியில் டன்குவா இறந்தது சிறையில். அதற்கு முந்தைய வருஷம்தான், நாட்டில் ஒரே கட்சி போதும் என்று வாக்கெடுப்பு நடத்தி முடித்திருந்தார்கள். நக்ருமா மேல் எனக்கு மரியாதை உண்டு. அகோசோம்போ அணை, பள்ளிக்கூடங்கள், கண்டம் முழுவதும் ஒன்றுசேர வேண்டும் என்ற கனவு என்று அவர் விட்டுப்போனது சாதாரணம் அல்ல. ஆனால் தன்னை இறக்குவதற்கு இருந்த வழிகளையெல்லாம் அவரே அடைத்துவிட்டார். மிச்சமிருந்தது துப்பாக்கி வழி ஒன்றுதான். 1966 பிப்ரவரி 24 அன்று, அவர் ஹனாய்க்குப் போகும் வழியில் இருந்தபோது, ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அவருடைய சிலையைக் கீழே தள்ளினார்கள். அக்ராவில் இருக்கும் அவருடைய நினைவகத்துக்குப் போனால் இன்றும் பார்க்கலாம்: உடைந்த உடல் ஓரிடத்தில் நிற்கிறது, தலை தனியாக ஒரு பீடத்தில் இருக்கிறது.

பிறகு 1972, 1978, 1979, 1981 என்று அடுத்தடுத்துக் கவிழ்ப்புகள். 1979 ஜூனில் மட்டும் முன்னாள் ஆட்சித் தலைவர்கள் மூன்று பேரைச் சுட்டுக்கொன்றார்கள். இறங்கியவர் உயிரோடு இருக்க முடியாது என்றால், நாற்காலியில் இருப்பவர் எப்படி மனம் ஒப்பி இறங்குவார்?

இத்தனைக்கும் தலைவனை இறக்குவது அந்த மண்ணுக்குப் புதிதில்லை. கானாவின் பெரிய இனமான அக்கான் மக்களிடம் தலைவனின் அதிகாரத்துக்கு அடையாளம் செதுக்கிய மர மணை. மணையில் ஏற்றத் தெரிந்தவர்களுக்கு இறக்கவும் முறை தெரியும். தவறு செய்த தலைவனின் காலிலிருந்து செருப்பைக் கழற்றுவார்கள். வெறுங்கால் மண்ணில் பட்டதும் அவன் தலைவன் இல்லை. ரத்தம் சிந்தத் தேவையில்லை.

அந்த முறையின் நவீன வடிவமாகத்தான் நான் 1992 அரசியல் சட்டத்தைப் பார்க்கிறேன். பதவிக்காலம் நான்கு வருஷம். இரண்டு முறைக்கு மேல் கிடையாது. ஜெயிக்கப் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் சுற்று. இரண்டு முறை துப்பாக்கியோடு ஆட்சிக்கு வந்த ராலிங்ஸ், இந்தச் சட்டத்தின்கீழ் இரண்டு தேர்தல்களில் ஜெயித்தார். 2000 தேர்தலில் அவருடைய துணை அதிபர் மில்ஸ் தோற்றார். 2001 ஜனவரி 7 அன்று ராலிங்ஸ் எதிர்க்கட்சியின் குஃபோரிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

2008 தேர்தல்தான் பெரிய சோதனை. இரண்டாம் சுற்றிலும் இழுபறி. ஓட்டுப்பதிவு நடக்காமல் விட்டுப்போன டெயின் என்ற ஒரே தொகுதிக்கு நாடே காத்திருந்தது. 2009 ஜனவரி 2 அன்று அங்கே பதிவு நடந்தது. கடைசியில் சுமார் 90 லட்சம் வாக்குகளில் வித்தியாசம் வெறும் 40,586. இந்த முறை ஜெயித்தவர் மில்ஸ். ஆளுங்கட்சி பதவியை விட்டு இறங்கியது.

2012 ஜூலை 24 அன்று மில்ஸ் பதவியிலிருக்கும்போதே காலமானார். அன்று மாலையே துணை அதிபர் மஹாமா நாடாளுமன்றத்தில் பதவியேற்றார். அந்த வருஷத் தேர்தலில் மஹாமா ஜெயித்ததை எதிர்த்து, எதிர்க்கட்சி வேட்பாளர் அகுஃபோ-அடோ உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். விசாரணை தொலைக்காட்சியில் நேரலையாக ஓடியது. வாக்குச்சாவடி முடிவைக் குறிக்கும் ‘பிங்க் ஷீட்’ வீட்டுக்கு வீடு பேச்சானது. 2013 ஆகஸ்ட் 29 அன்று தீர்ப்பு எதிராக வந்ததும், அகுஃபோ-அடோ மஹாமாவை அழைத்து வாழ்த்தினார். 2016ல் அதே அகுஃபோ-அடோவிடம் மஹாமா தோற்றார். அதிகாரபூர்வ அறிவிப்பு வருமுன்பே போனில் வாழ்த்தினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவரவில்லை. அதிபரின் கையில் அதிகாரம் அளவுக்கு மீறிக் குவிந்திருக்கிறது. அமைச்சர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. பதவியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர் அதிபரை எங்கே தட்டிக்கேட்பார்? 2022 டிசம்பரில் நாடு வெளிநாட்டுக் கடனில் பெரும்பகுதியைத் திருப்பிக் கட்ட முடியாமல் நிறுத்தியது. விலைவாசி ஒரே வருஷத்தில் 54 சதவீதம் ஏறியது. கஞ்சி காய்ச்ச வழியில்லாதவரிடம் அரசியல் சட்டத்தின் அழகைப் பேச முடியாது.

அந்தக் கோபத்தையும் மக்கள் ஓட்டுச்சீட்டில்தான் காட்டினார்கள். 2024 டிசம்பர் 7 அன்று வாக்குப்பதிவு. மறுநாள் காலையிலேயே, தேர்தல் ஆணையம் வாய் திறப்பதற்கு முன், ஆளுங்கட்சி வேட்பாளர் பவுமியா தோல்வியை ஒப்புக்கொண்டார். மஹாமா திரும்பி வந்தார். இன்று அதிபர் மாளிகை அந்தப் பழைய அடிமைக் கோட்டையில் இல்லை. இந்தியக் கடனுதவியோடு மணை வடிவில் கட்டிய ஜூபிலி மாளிகையில் இருக்கிறது. 2025 ஜனவரி 7 அன்று பதவியேற்ற மஹாமாவுக்குத் தேர்தலில் ஜெயித்து வந்ததில் இது இரண்டாவது முறை, சட்டப்படி கடைசி முறை. அவர் இறங்க வேண்டிய நாள் 2029 ஜனவரி 7.