அறுபதுக்கு மேல் சைக்கிள்: முதலில் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அறுபது வயதுக்குப் பிறகு மறுபடி சைக்கிள் மிதிக்க ஆசைப்படுகிறவர்கள், கடைக்குள் நுழைந்ததும் எத்தனை கியர், என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். அதற்கெல்லாம் முன்னால் பிரேக் லிவரைப் பிடித்துப் பார்க்க வேண்டும். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் மெதுவாகப் போகலாம், மேட்டில் இறங்கித் தள்ளலாம். விரல் ஒத்துழைக்காமல் வண்டி நிற்காமல் போனால் என்ன செய்வது?

வீட்டில் கிடக்கும் பழைய 28 அங்குல வண்டியைத் துடைத்து எடுக்கலாமா என்று பலர் யோசிப்பார்கள். வேண்டாம் என்பேன். அதன் கம்பி பிரேக், இரும்பு ரிம்மின் உட்புறத்தில் ரப்பர் கட்டையை அழுத்தி நிறுத்துவது. குரோம் பூசிய இரும்பு நனைந்தால் கட்டை வழுக்கும். மழையில் எவ்வளவு இறுக்கினாலும் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். புது வண்டியிலும் ரிம் இரும்பா அலுமினியமா என்று கேளுங்கள். சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டுபோனால் கேட்கவே வேண்டாம், ஒட்டினால் இரும்பு. ரிம்மில் பிடிக்கும் பிரேக் என்றால் அலுமினிய ரிம்தான் வேண்டும்.

இப்போது எல்லோரும் டிஸ்க் பிரேக் கேட்கிறார்கள். சக்கரத்தின் நடுவில் இருக்கும் வட்டத் தகட்டைக் கட்டைகள் கவ்வி நிறுத்துவது அது. விலை குறைந்த வண்டிகளில் வருவது பெரும்பாலும் ஒயரால் இழுக்கும் டிஸ்க். அதில் கட்டை தேயத் தேய இடைவெளியைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். தகடு லேசாக வளைந்தாலும் உரசும். செயினுக்கு விடும் எண்ணெய் ஒரு சொட்டு தகட்டில் பட்டாலே பிடிப்பு போய்விடும். ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் என்றால் ஒரே விரலில் நிற்கும். கைவிரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு அதுதான் உண்மையான நிவாரணம். ஆனால் பக்கத்தில் அதைப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். மற்றவர்களுக்கு, தெருமுனைக் கடையிலேயே சரிசெய்யக்கூடிய வி-பிரேக் போதும். இரண்டு நீளக் கைகள் ரிம்மை இருபுறமும் கவ்வுமே, அதுதான்.

வி-பிரேக்கில் ஒரு விஷயம். அதற்கு ஒயரை அதிகம் இழுக்கும் லிவர் வேண்டும். டயருக்கு மேலே ஒரே போல்ட்டில் தொங்கும் பழைய காலிப்பர் பிரேக்கின் லிவரை அதில் மாட்டினால், லிவர் கைப்பிடியைத் தொட்டுவிடும், கட்டை ரிம்மை ஒழுங்காகப் பிடிக்காது. லிவர் உடைந்து மாற்றும்போது இந்தத் தவறு நடக்கும், கவனியுங்கள்.

கட்டைக்கும் ரிம்முக்கும் பக்கத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கலாம். கட்டை மேலே ஏறி டயரில் உரசினால் டயரின் பக்கவாட்டை அறுத்துவிடும். பிரேக் கிரீச்சிட்டால், கட்டையின் முன்முனை ஒரு மில்லிமீட்டர் முந்தி ரிம்மைத் தொடும்படி சாய்த்து முடுக்கச் சொல்லுங்கள். லிவர் கனமாக இருந்தால் ஸ்பிரிங்கைக் குறை சொல்லும் முன் ஒயரைப் பாருங்கள். மழைநீர் இறங்கி உறைக்குள் துரு பிடித்திருக்கும். உள் ஒயரை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. உறையோடு சேர்த்து மாற்றினால் அதே லிவர் லேசாகிவிடும்.

லிவரின் அச்சுக்குப் பக்கத்தில் பல வண்டிகளில் ஒரு குட்டித் திருகாணி இருக்கும். அதை உள்ளே திருகினால் லிவர் கைப்பிடியை நோக்கி நெருங்கி வரும். உள்ளங்கை கைப்பிடியில் இருக்கும்போதே ஆள்காட்டி விரலின் முதல் கணு லிவரை வளைத்துப் பிடிக்க வேண்டும். திருகியபின் ஒயரின் தளர்ச்சியையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். முழுதாக இறுக்கினாலும் லிவர் கைப்பிடியைத் தொடக் கூடாது.

முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்ற பயத்தில் பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவர்கள் நிறையப் பேர். வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்குப் போவதால், பின்சக்கரம் பிடிமானம் இழந்து வழுக்கத்தான் செய்யும். பின் பிரேக் மட்டும் என்றால் நிற்கும் தூரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக இறுக்குங்கள். உடம்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுங்கள். மணலிலும் திருப்பத்திலும் மட்டும் முன் பிரேக்கில் கை வைக்காதீர்கள். நம் ஊரில் பெரும்பாலும் வலது லிவர் முன் பிரேக். உங்கள் வண்டியில் எது என்று நிறுத்திவைத்தே பார்த்துவிடுங்கள்.

ஃபிரேம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குறுக்குப் பார் இல்லாத, தாழ்வான லேடீஸ் சைக்கிள் வடிவம் ஆண்களுக்கும் ஏற்றது. காலைத் தூக்கிப் போடும்போதுதான் பலர் விழுகிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே இரு பாதங்களின் முன்பகுதியும் தரையில் ஊன்ற வேண்டும். பழகியபின் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளலாம். முன்சக்கரத்தைத் தாங்கும் கவைக்கு ஃபோர்க் என்று பெயர். அதில் மலிவான ஷாக் அப்சார்பர் வேண்டாம். எடையைக் கூட்டும், பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமுங்கும். 1.75 அங்குல அகல டயரில் காற்றை அளவாக வைத்தாலே குலுக்கல் குறையும்.

இணையத்தில் வாங்கினால் வண்டி பாதி பூட்டிய நிலையில் பெட்டியில் வரும். டிஸ்க் வண்டியில் ஃபோர்க்கை முன்பின்னாகத் திருப்பிப் பூட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஏறி உட்கார்ந்தால் முன்சக்கரத் தகடு உங்கள் இடப்பக்கம் தெரிய வேண்டும். வலப்பக்கம் தெரிந்தால் ஓட்டாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று. இறங்கி நின்று முன் பிரேக்கை இறுக்கி வண்டியை முன்னே தள்ளுங்கள்: முன்சக்கரம் அசையாமல், பின்சக்கரம் தரையைவிட்டு எழ வேண்டும். பிறகு பின் பிரேக்கை இறுக்கித் தள்ளினால் பின்சக்கரம் சுழலாமல் இழுபட வேண்டும். இரண்டு விரலால் இது முடியவில்லை என்றால், அதே இடத்தில் சரிசெய்யச் சொல்லுங்கள். சரியான பிறகு பணம் கொடுங்கள். வணக்கம்.