வானத்தில் கோளாறு இல்லை, நடுவர் அவர்களே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் விடுமுறையில் கரும்பு கடித்துக்கொண்டு வீட்டில் இருக்காமல் எங்கள் சண்டையைக் கேட்க வந்திருக்கும் மதுரைப் பெருமக்களே, வணக்கம்.

"ஜியோகேச்சிங் போய் நாம் அசடு வழிவதற்குக் காரணம் கருவியா, கருவியைப் பிடித்த ஆளா?" இதுதான் தலைப்பு. கருவிதான் என்று எனக்கு முன்னால் பேசிய தங்கை முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். ஆள்தான் என்று பேச நான் நிற்கிறேன். நான் கேட்டு வாங்கிய அணி இல்லை இது. என் மனைவி முன்வரிசையில் இருக்கிறார். என்னை எதிரணியில் பேச விட்டிருந்தால் அவரே மேடை ஏறி மறுத்திருப்பார்.

நான் உள்ளே வரும்போது ஒரு பெரியவர், "அது என்ன கேச்சிங், பந்து பிடிப்பதா?" என்று கேட்டார். இல்லை ஐயா. ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைப்பார். உள்ளே ஒரு சின்ன நோட்டு இருக்கும், சில்லறைப் பொம்மைகள் இருக்கும். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டுவிடுவார். நாம் செல்போனும் கையுமாகப் போய்த் தேடி எடுத்து, நோட்டில் பெயரெழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். பணம் கிடையாது, பரிசு கிடையாது. "இதற்கா வெயிலில் போகிறீர்கள்?" என்று உங்கள் முகம் கேட்கிறது ஐயா. எங்கள் வீட்டிலும் அதே முகம் ஒன்று இருக்கிறது.

தங்கை என்ன சொன்னார்? "யானைமலை அடிவாரத்தில் நின்றேன். அம்புக்குறி முப்பது மீட்டர் தள்ளி என்னை ஒருவர் வீட்டுச் சமையலறைக்குள் கொண்டுபோய் விட்டது" என்றார். கைதட்டலும் வாங்கினார். மலையடியில் கருவி தடுமாறும், மறுக்கவில்லை. செயற்கைக்கோளிலிருந்து வரும் அலை நேராக வராமல் பாறைச் சுவரில் மோதித் திரும்பி வந்தால் வழி நீண்டுவிடும். நீண்ட வழியைத் தூரம் என்று கணக்குப் போட்ட கருவி இடத்தை மாற்றிக் காட்டும். ஆனால் அது அதை மறைத்ததா? வரைபடத்தில் நம்மைச் சுற்றி ஒரு நீல வட்டம் போடுகிறதே, அதற்கு என்ன பொருள்? "நீ இதற்குள் எங்கேயோ இருக்கிறாய், இதற்கு மேல் எனக்குத் தெரியாது" என்று பொருள். திறந்த வெளியில் நல்ல செல்போன் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லும். மலையடியில் அந்த வட்டம் வீங்கும். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பண்பு ஒரு செல்போனுக்கு இருக்கிறது. சமையலறைக்குள் நுழைந்த தங்கைக்கு வழியில் ஒரு வாசற்படி கூடவா தட்டுப்படவில்லை?

நடுவர் அவர்களே, நமக்கு வழி சொல்லும் அந்த ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தலைக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நான்கையாவது பார்த்தால்தான் கருவி இடத்தைக் கணிக்கும். அவற்றில் இருப்பவை அணுக் கடிகாரங்கள். ஐன்ஸ்டீன் கணக்குப்படி அந்தக் கடிகாரங்கள் பூமியில் உள்ளவற்றைவிட ஒரு நாளைக்கு 38 மைக்ரோ விநாடி முந்தி ஓடும். ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்து, அதில் 38 துளி! அதைக்கூடத் திருத்தி அனுப்புகிறார்கள். அங்கே அவ்வளவு திருத்தம் நடக்கிறது. இங்கே நான் மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.

"கருவி பொய்யே சொன்னதில்லையா?" என்று அடுத்து பேச வருபவர் கேட்பார், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். சொல்லியிருக்கிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சிக்னலில் பிழையைக் கலந்துதான் அனுப்பியது. நூறு மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். மதுரையில் நூறு மீட்டர் தள்ளினால் மூன்று டீக்கடையும் ஒரு பிள்ளையார் கோவிலும் மாறிவிடும். அதிபர் கிளிண்டன் ஆணையிட, மே 2 அன்று அந்தக் கலப்படம் நின்றது. மறுநாள், மே 3, ஒரிகான் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் காட்டில் ஒளித்து வைத்து எண்களை வெளியிட்டார். இந்த விளையாட்டு அங்கே பிறந்தது. இப்போது சொல்லுங்கள்: பொய் சொன்ன காலத்திலும் கருவி தானாகச் சொன்னதா? பொய் சொல் என்று அதற்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? ஆள்தானே! எதிரணி கையில் இருந்த ஒரே அரிவாளும் எங்கள் பக்கம் வந்துவிட்டது.

இனி என் சொந்தக் கதை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு டப்பா. எண் என்ன? 9 டிகிரி, 54.500 நிமிடம் வடக்கு. இங்கே நிமிடமும் விநாடியும் கடிகார நேரம் இல்லை, டிகிரியின் கூறுகள். ஐம்பத்து நான்கரை நிமிடம், அவ்வளவுதான். அரை நிமிடம் என்றால் முப்பது விநாடி. நான் அந்தப் புள்ளியைப் புள்ளியாகப் பார்க்காமல், "54 நிமிடம், 50 விநாடி" என்று படித்துப் போட்டுவிட்டேன். வித்தியாசம் இருபது விநாடி. தரையில் ஒரு விநாடி சுமார் 31 மீட்டர். வடக்கு தெற்கில் மட்டுமே 600 மீட்டருக்கு மேல் பிசகு. தீர்க்கரேகையிலும் இதே கைவரிசை.

போனேன். ஒரு தெரு, ஒரு வீடு, வாசலில் பந்தல். ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. யாரும் "வாருங்கள்" என்று சொல்லவில்லை. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். ஒருவர் பேசாமல் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். உட்கார்ந்தேன். சின்ன டப்பாக்களைக் காந்தம் வைத்து இரும்பில் ஒட்டுவது இந்த விளையாட்டில் வழக்கம். அது இரும்பு நாற்காலி. அடியில் கைவிட்டுத் தடவினேன். இல்லை. பக்கத்து நாற்காலிக்கு அடியிலும் தடவினேன். அதில் ஆள் இருந்தார்.

"என்ன தம்பி தேடுகிறீர்கள்?" என்றார் ஒரு பெரியவர், மிகவும் தணிந்த குரலில்.

"பெட்டி" என்றேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. உள்ளே திரும்பி, "ஏம்ப்பா, ஐஸ் பெட்டிக்காரர் வந்துவிட்டார்! காலையிலிருந்து காத்துக் கிடக்கிறோம், வண்டி எங்கே நிற்கிறது?" என்று எழுந்துவிட்டார். நான்கு இளைஞர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டி இறக்க வந்துவிட்டார்கள்.

அந்த இடத்தில் நான் என்ன சொல்ல முடியும்? உள்ளே அழுகுரல். "நான் புதையல் தேடி வந்தேன்" என்று சொல்லும் இடமா அது? தெரிந்தவர் ஒருவருக்குப் போன் போட்டேன். அவர் வேறொருவரைச் சொன்னார். ஐஸ் பெட்டி வந்து இறங்கும் வரை, முன்பின் தெரியாத அந்த வீட்டில் ஒன்றரை மணி நேரம் பொறுப்பாக நின்றேன். மாலையும் நானே வாங்கி வந்து போட்டேன். வீட்டுக்குத் திரும்பி, வாசலிலேயே நின்று குளிக்கத் தண்ணீர் கேட்டேன்.

"யார் இறந்தது?" என்றார் மனைவி.

"தெரியாது" என்றேன்.

இதில் கருவியின் குற்றம் எங்கே இருக்கிறது, நடுவர் அவர்களே? நான் போட்ட எண்ணுக்கு அது பிசகாமல் கூட்டிப்போனது. புள்ளியை விழுங்கியவன் நான்.

என் மைத்துனர் என்னைவிட ஒரு படி மேல். அழகர்கோவில் சாலையில் ஒரு ஆலமரப் பொந்தில் கைவிட்டு ஒரு தூக்குச்சட்டியை எடுத்தார். திறந்தால் பழைய சோறு, சின்ன வெங்காயம், இரண்டு மோர் மிளகாய். உல்மர் வைத்த முதல் வாளியில்கூட ஒரு பீன்ஸ் டப்பா இருந்தது என்று எங்கேயோ படித்த நினைவு அவருக்கு. டப்பாவில் தின்பண்டம் வைக்கக் கூடாது, எறும்பும் பன்றியும் வரும் என்று பிறகு விதி வந்த கதையை அவர் படிக்கவில்லை. ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடாக ஒரு பொருளை வைக்க வேண்டும் என்ற விதியை மட்டும் நன்றாகப் படித்திருந்தார். ஒரு மிளகாயை எடுத்துக்கொண்டு, சோற்றின் மேல் ஒரு பிளாஸ்டிக் டைனோசரை வைத்து மூடிவிட்டு வந்தார். வயலில் களை எடுத்துவிட்டுப் பசியோடு வந்து அந்தச் சட்டியைத் திறந்தவர் யாரோ. அவரை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, சங்கடமாகவும் இருக்கிறது.

இந்த விளையாட்டில் இல்லாத வெளியாட்களை ‘மகிள்’ என்பார்கள். அவர்கள் கண்ணில் படாமல் தேட வேண்டும் என்பது மரபு. நம் ஊரில் அது நடக்கிற காரியமா? நம் ஊரில் ஒருவன் குனிந்தால் பத்துப் பேர் "என்ன விழுந்தது?" என்று கேட்பார்கள். கீழக்குயில்குடியில், சமணர் மலைக்குப் போகும் வழியில், ஊருக்குச் சற்று வெளியே ஒரு வேப்பமரத்தடியில் குனிந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா பார்த்துவிட்டார். செருப்பு நாடாவைக் கட்டுவது போல் நடித்தேன். நான் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. வேறு வழியில்லாமல், "மோதிரம் விழுந்துவிட்டது அப்பத்தா" என்று ஒரு பொய்யைச் சொன்னேன்.

பொய்க்கு அவ்வளவு வேகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "ஐயோ, கல்யாண மோதிரமா!" என்றார். அந்தப் பக்கம் போனவரை நிறுத்தினார். டிராக்டரில் வந்தவர் இறங்கினார். பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் பைகளைப் போட்டுவிட்டு மண்ணைக் கிளறினார்கள். ஒருவர் முறம் கொண்டுவந்து புழுதியைப் புடைக்க ஆரம்பித்துவிட்டார். முக்கால் மணி நேரம்! ஒரு சிறுவன் வேர் இடுக்கிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, "மோதிரம் இல்லை, இந்தக் குப்பைதான் கிடக்கிறது" என்று தூக்கி எறியப் போனான். நான் பாய்ந்து பிடித்தேன். பாயும்போது கையை நீட்டினேன்.

அப்பத்தா என் கையைப் பார்த்தார். "ஏன் ராசா, அப்படியானால் உன் விரலில் கிடப்பது என்ன?"

மோதிரம்தான். காலையில் போட்டது. கழற்றவே இல்லை.

யாரும் திட்டவில்லை, நடுவர் அவர்களே. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "வெயிலில் மறதி வரும், மோரைக் குடி" என்று ஒரு செம்பை நீட்டினார் அப்பத்தா. உண்மையை முதலிலேயே சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் அவரே எடுத்துக் கொடுத்திருப்பார்.

அந்த மலையைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்ல வேண்டும். செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. செய்வித்தவர் பெயர் கீழே வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அத்தகைய இடத்தில் டப்பா ஒளிக்கக் கூடாது, தேடுகிறேன் என்று கல்லைப் புரட்டவும் கூடாது. ஆனாலும் அங்கே ஒருவர் பாறை இடுக்கில் கம்பியை விட்டுக் குடைந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். "இங்கேதான் காட்டுகிறது" என்று செல்போனை நீட்டினார். எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தார், என்னைப் போலவே. என் தவறில் ஒரு மாலையும் ஒன்றரை மணி நேரமும் போயின. அவர் தவறில் போவது திரும்பி வராது. அதை அசடு என்று நான் ஏற்க மாட்டேன், குற்றம் என்பேன். அங்கேயும் கம்பியைப் பிடித்திருந்தது ஆளின் கை.

பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எதிரணியில் ஒருவர் புலம்பினார். போகும் வழியெல்லாம் பஸ்ஸில் கிரிக்கெட் பார்த்ததாக அவரே தேநீர் இடைவேளையில் சொன்னார். அதற்கு மேல் நான் வாதாடத் தேவையில்லை.

மணியில் கை வைத்துவிட்டீர்கள், இதோ முடிக்கிறேன். எல்லாவற்றிலும் பெரிய அவமானம் எது தெரியுமா? இரண்டு மணி நேரம் தேடி, முள் கிழித்து, டப்பாவையும் திறந்து, நோட்டை விரித்த பிறகு சட்டைப் பையில் பேனா இல்லாதது. எனக்கு நான்கு முறை நடந்திருக்கிறது. ஒருமுறை மலையிறங்கி டீக்கடையில் பேனா இரவல் வாங்கி மறுபடி ஏறினேன். திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

நடுவர் அவர்களே, நிகழ்ச்சி தொடங்குமுன் உங்கள் மேசைக்கு அடியில் வலதுபக்கக் காலில் ஒரு சின்னக் காந்தப் பெட்டியை ஒட்டி வைத்திருக்கிறேன். தீர்ப்பு சொல்வதற்கு முன் கைவிட்டு எடுங்கள். உள்ளே நோட்டு இருக்கிறது, ஒரு கையெழுத்துப் போடுங்கள். பேனா மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். நான் இன்றைக்கும் கொண்டு வரவில்லை.