பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும்: பழைய கன்சோலுக்குள் ஓர் எமுலேட்டர் கணினி

வணக்கம். மேசையின் மீது நீங்கள் பார்ப்பது நின்டென்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம் என்ற விளையாட்டுக் கருவியின் வெளிக்கூடு. ஜப்பானில் 1983ஆம் ஆண்டு ஃபாமிகாம் என்ற பெயரில் வெளிவந்த கருவியே, 1985இல் இந்தச் சாம்பல் நிறப் பெட்டிக்குள் குடியேறி அமெரிக்காவுக்கு வந்தது. இது என் கைக்கு வந்தபோது உள்ளே இருந்த மதர்போர்டு ஈரத்தில் அரித்து, செம்புத் தடங்கள் பச்சை பூத்து, எந்தப் பழுதுபார்ப்புக்கும் பிடிகொடுக்காத நிலையில் இருந்தது. ஆனால் கூட்டில் ஒரு விரிசல்கூட இல்லை. அதனால்தான், கூட்டுக்குள் ஒரு சிறு கணினியை வைத்து, பழைய கன்சோலைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்ற மென்பொருளை அதில் ஓட்டும் இந்த வேலையைத் தொடங்கினேன். உங்களிடம் இருக்கும் கன்சோல் இன்னும் இயங்குகிறது என்றால், அல்லது ஒரு கனெக்டரை மாற்றினால் இயங்கும் என்றால், தயவுசெய்து அதன் உள்ளுறுப்புகளை அகற்றாதீர்கள். உயிரோடிருக்கும் கருவிகளின் எண்ணிக்கை இனி குறையுமே தவிர கூடாது.

இந்த வேலைக்கு நான் இரண்டு நிபந்தனைகளை விதித்துக்கொண்டேன். கூட்டின் எந்த இடத்தையும் வெட்டக் கூடாது, எதையும் பசை வைத்து ஒட்டக் கூடாது என்பது முதலாவது. முன்புறத்தில் இருக்கும் பவர் பொத்தான், ரீசெட் பொத்தான், சிவப்பு விளக்கு, கன்ட்ரோலர் செருகும் துளை ஆகிய ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே செய்ய வேண்டும் என்பது இரண்டாவது. இந்த வகைக் கட்டுமானங்கள் பலவற்றில் பொத்தான்கள் வெறும் அலங்காரமாகக் கிடக்கின்றன. கணினியை இயக்கப் பின்பக்கத்து வயரைப் பிடுங்கிச் செருக வேண்டியிருக்கிறது. அப்படி முடிந்த ஒன்றைக் கன்சோல் என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

கூட்டின் அடிப்பக்கத்தில் ஆறு திருகுகள் இருக்கின்றன. சாதாரண நட்சத்திர முனைத் திருப்புளியே போதும். மேல் மூடியைத் தூக்கியவுடன், மின்காந்தக் குறுக்கீட்டைத் தடுப்பதற்காக வைக்கப்பட்ட பெரிய தகரக் கவசம் தெரியும். முதல் முயற்சியில் அந்தக் கவசத்தை உள்ளேயே விட்டுவிட்டேன். பழைய பொருள் எதையும் இழக்கக் கூடாது என்ற எண்ணம்தான் காரணம். விளைவாக, ப்ளூடூத் கன்ட்ரோலரின் இணைப்பு சில நிமிடங்களுக்கு ஒருமுறை அறுந்துகொண்டே இருந்தது, வைஃபையும் தடுமாறியது. இரண்டு நாள் மென்பொருளில் குறை தேடிய பிறகுதான், ஆன்டெனாவைத் தகரத்துக்குள் பூட்டிவைத்திருக்கிறேன் என்பது உறைத்தது. கவசத்தை எடுத்ததும் இணைப்பு நிலைத்தது. எடுத்த கவசம், கார்ட்ரிட்ஜ் எனப்படும் விளையாட்டுப் பேழையைச் செருகும் தட்டு, பழைய போர்டு ஆகியவற்றை ஒரே பெட்டியில் திருகுகளோடு சேர்த்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

உள்ளே வைக்கும் கணினியாக, ஒரே சிறு போர்டில் அடங்கிய ராஸ்பெர்ரி பை 4ஐத் தேர்ந்தெடுத்தேன். பழைய கன்சோலின் செயலி 1.79 மெகாஹெர்ட்ஸில் ஓடியது, அதன் நினைவகம் 2 கிலோபைட். இந்தப் போர்டிலோ 1.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு கோர்கள் இருக்கின்றன. எண்களை மட்டும் பார்த்தால் இவ்வளவு பெரிய கணினி எதற்கு என்று தோன்றும். ஆனால் எமுலேட்டர் செய்யும் வேலை வேறு வகையானது. செயலியின் ஒவ்வொரு துடிப்புக்கும் படச் சில்லு மூன்று புள்ளிகளை வரைந்து முடிக்கும். பல விளையாட்டுகள் திரையின் ஒரு குறிப்பிட்ட வரி வரையப்படும் அந்த நொடித்துகளுக்குள்ளேயே காட்சியை மாற்றும் தந்திரத்தை நம்பி எழுதப்பட்டவை. ஆகவே எமுலேட்டர் செயலி, படம், ஒலி மூன்றையும் ஒன்றோடொன்று அடி பிசகாமல் நடத்திச் செல்ல வேண்டும். அந்த ஒழுங்குக்குத்தான் இத்தனை வேகம் செலவாகிறது.

போர்டின் அளவு 85 மில்லிமீட்டருக்கு 56 மில்லிமீட்டர். கூடு ஏறத்தாழ 256 மில்லிமீட்டர் அகலம் கொண்டது என்பதால் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரு தட்டையான அக்ரிலிக் பலகையைப் பழைய போர்டின் திருகு மேடைகளிலேயே பொருத்தி, அதன் மேல் எம்2.5 அளவுத் தாங்கிகளை வைத்துப் போர்டை நிறுத்தினேன். சூடு குறித்துப் பலர் அஞ்சுகிறார்கள். இந்தப் போர்டு 80 டிகிரி செல்சியஸை எட்டும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கூட்டின் மேலும் கீழும் ஏற்கெனவே காற்றுத் துளைகள் இருக்கின்றன, உள்ளே காற்றோட்டத்துக்கு இடமும் நிறைய. சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் ஒரு நல்ல அலுமினிய ஹீட்சிங்கை வைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். மின்விசிறியின் இரைச்சல் இந்தப் பெட்டிக்குப் பொருந்தாது.

மின்சாரம் பற்றிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். இந்தக் கன்சோலோடு வந்த பழைய அடாப்டர் 9 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தைத் தருவது. ராஸ்பெர்ரி பைக்குத் தேவைப்படுவதோ 5 வோல்ட் நேர்திசை மின்சாரம், 3 ஆம்பியர் வரை. பழைய அடாப்டரை யாராவது ஞாபகத்தில் செருகினால் போர்டு அந்தக் கணமே கருகிவிடும். பழைய மின் துளை மதர்போர்டோடு சேர்ந்த பகுதியில் இருந்ததால் அதுவும் வெளியே போய்விட்டது. அது இருந்த பின்பக்கத் திறப்பில், 3டி பிரிண்டரில் அச்சிட்ட ஒரு சிறு தகட்டைத் திருகி, யூஎஸ்பி-சி துளையையும் எச்டிஎம்ஐ துளையையும் அதில் அமைத்தேன். பழைய அடாப்டரின் முனை இனி இதற்குள் நுழையவே நுழையாது. மெலிந்த வயர்களையும் பயன்படுத்தாதீர்கள். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றும், விளையாட்டு திக்கத் தொடங்கும்.

இனி முன்புறம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பழைய பவர் பொத்தான் ஒருமுறை அழுத்தினால் உள்ளே பூட்டிக்கொள்ளும், மறுமுறை அழுத்தினால் விடுபட்டு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கார்ட்ரிட்ஜுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் மெமரி கார்டிலிருந்து இயங்கும் கணினியிடம் அப்படி நடந்துகொண்டால், எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு பாதியில் அறுந்து, ஒருநாள் கார்டே திறக்காமல் போகலாம். எனவே பழைய ஸ்விட்ச் பலகையை எடுத்து வைத்துவிட்டு, அதே திருகுத் துளைகளில் நிற்கும்படி வேறொரு சிறு பலகையைச் செய்து, அழுத்திவிட்டால் திரும்பிவிடும் வகைச் சிறிய ஸ்விட்சுகளை இரண்டு பொத்தான்களுக்கும் அடியில் சாலிடர் செய்தேன்.

பவர் ஸ்விட்சின் இரு வயர்களும், போர்டின் ஓரத்தில் வெளி இணைப்புகளுக்காக நிற்கும் ஊசிகளில் ஐந்தாவது, ஆறாவது பின்களுக்குச் செல்கின்றன. ஐந்தாவது பின்னில் ஓர் அரிய வசதி இருக்கிறது. நின்றுபோயிருக்கும் போர்டில் அந்தப் பின்னை கிரவுண்ட் எனப்படும் தரை இணைப்போடு, அதாவது ஆறாவது பின்னோடு இணைத்தால் அது விழித்துக்கொள்ளும். ஜிபிஐஓ ஷட்டவுன் என்ற அமைப்பை, போர்டின் அமைப்புகளைக் கொண்ட கான்ஃபிக் கோப்பில் ஒரே வரியாகச் சேர்த்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போது அதே பொத்தானை அழுத்துவது முறையாக நிறுத்தும் கட்டளையாகிறது. ஆக, ஒரே பொத்தான் எழுப்பவும் செய்கிறது, உறங்கவைக்கவும் செய்கிறது. ரீசெட் பொத்தானை, நடக்கும் விளையாட்டிலிருந்து வெளியேறிப் பட்டியலுக்குத் திரும்பும் விசையாக அமைத்திருக்கிறேன்.

சிவப்பு விளக்கை 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக எட்டாவது பின்னில் இணைத்தேன். அந்தப் பின் தொடர்வழித் தகவலை (சீரியல்) அனுப்புவதற்கானது. அந்த வசதியைத் திறந்துவைத்தால், இயங்குதளம் ஓடும் வரை அதில் மின்னழுத்தம் இருக்கும், முழுவதுமாக நின்ற பிறகே இறங்கும். ஆகவே விளக்கு அணைந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கலாம் என்று பொருள். இப்படி ஒரு விளக்கு உண்மையைச் சொல்வது எனக்குப் பெரிய நிறைவைத் தருகிறது.

கன்ட்ரோலர் துளைகளில் ஏழு பின்கள் இருந்தாலும், சாதாரண கன்ட்ரோலர் ஐந்தையே பயன்படுத்துகிறது. அதற்குள் இருப்பது 4021 என்ற ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சில்லு ஒன்றுதான். கன்சோல் முதலில் ஒரு துடிப்பை அனுப்பும்போது எட்டுப் பொத்தான்களின் நிலையும் சில்லுக்குள் பதிவாகிறது. பிறகு வரும் துடிப்புகளுக்கு ஏற்ப ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம் என்ற வரிசையில் ஒவ்வொன்றாக ஒரே வயர் வழியே வெளியே வருகிறது. இவ்வளவு எளிய ஏற்பாட்டைப் பார்க்கும்போது அதை வடிவமைத்தவர்கள் மீது மரியாதை பெருகுகிறது. பழைய கன்சோல் இதற்கு 5 வோல்ட் கொடுத்தது. ராஸ்பெர்ரி பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நல்வாய்ப்பாக 4021 சில்லு 3.3 வோல்ட்டிலும் இயங்கும். ஆகையால் கன்ட்ரோலருக்கே 3.3 வோல்ட் கொடுத்து, தனியாக எந்த மாற்றியும் இல்லாமல் நேரடியாக இணைத்துவிட்டேன். சி மொழியில் எழுதிய ஒரு சிறு நிரல் இரண்டு மில்லிநொடிக்கு ஒருமுறை அதைப் படித்து, போர்டில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்துக்குச் சாதாரண கேம்பேடாகக் காட்டுகிறது.

மென்பொருளாக, பழைய விளையாட்டுகளுக்கான தொகுப்பான ரெட்ரோபை வைத்திருக்கிறேன். அதனுள் எமுலேட்டர்களை இயக்கும் ரெட்ரோஆர்ச் ஓடுகிறது. ஓர் அமைப்பை மட்டும் நீங்களும் மாற்றிப் பார்க்க வேண்டும். பழைய படம் 256க்கு 240 புள்ளிகள். அதை 1080 வரிகள் கொண்ட திரை முழுவதும் இழுத்தால் ஒவ்வொரு வரியும் நான்கரை மடங்காகும்; அரை வரி என்று ஒன்று இல்லாததால் சில வரிகள் தடித்தும் சில மெலிந்தும் போகும், திரை நகரும்போது கண் உறுத்தும். உயரத்தைச் சரியாக நான்கு மடங்காக, அதாவது 960 வரிகளாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய தொலைக்காட்சியில் புள்ளிகள் சற்று அகலமாகத் தெரிந்ததால், அகலத்தை ஏறத்தாழ 1170 என வைத்தால் வட்டம் வட்டமாகவே இருக்கும். தொலைக்காட்சியில் கேம் மோடை இயக்கவும் மறவாதீர்கள். இல்லையெனில் பொத்தானுக்கும் குதிப்புக்கும் இடையே ஏற்படும் தாமதத்தை விரல் உடனே உணர்ந்துவிடும்.

விளையாட்டுக் கோப்புகளுக்குப் பதிப்புரிமை உண்டு. இதில் நான் வைத்திருப்பவை, என்னிடம் உள்ள கார்ட்ரிட்ஜுகளிலிருந்து நானே படியெடுத்தவையும், இன்றைய ஆர்வலர்கள் இந்தக் கன்சோலுக்காகப் புதிதாக எழுதி இலவசமாக வழங்குபவையும் மட்டுமே. பின்சொன்னவற்றை நீங்கள் அவசியம் தேடிப் பாருங்கள். 2 கிலோபைட் நினைவகத்துக்குள் இன்றும் புதிய சிந்தனைகள் பிறக்கின்றன.

கூட்டின் மஞ்சள் நிறத்தைப் போக்க ஹைட்ரஜன் பெராக்சைடு பயன்படுத்துவார்கள். நான் செய்யவில்லை. வயதின் நிறம் அப்படியே இருக்கட்டும்.

இப்போது ஆறு திருகுகளையும் முடுக்கிவிட்டேன். பவர் பொத்தானை அழுத்துகிறேன். பாருங்கள், விளக்கு எரிகிறது. பழைய கன்ட்ரோலரை முதல் துளையில் செருகியிருக்கிறேன், ஸ்டார்ட் வேலை செய்கிறது, நான்கு திசைகளும் சரியாக வருகின்றன. இப்போது மீண்டும் பவரை அழுத்துகிறேன். திரை முதலில் இருளும், விளக்கு இன்னும் சில நொடிகள் எரியும். இதோ, அதுவும் அணைந்துவிட்டது. இனி வயரைக் கழற்றலாம். இரண்டாவது கன்ட்ரோலர் துளைக்கு வயர் இழுக்கும் வேலை மட்டும் மீதமிருக்கிறது. அதை அடுத்த வாரம் முடித்துவிட்டு, இருவர் ஆடும் விளையாட்டோடு வருகிறேன்.