மாற வேண்டியது துறைதான்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஆடையால் மண்ணும் நீரும் கெடாமலிருக்க முதலில் மாற வேண்டியது வாங்குவோரின் பழக்கமா, தயாரிக்கும் துறையா என்பது தலைப்பு. "நாம் வாங்குவதைக் குறைத்தால் ஆலை தானாகத் திருந்தும்" என்றார் எதிரணித் தோழி. அவரைத் திருப்பூருக்கு அழைக்கிறேன்.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் ஏறிவிடும். உப்போ ஏறக்குறைய முழுக்கக் கழிவுநீரோடு வெளியே வரும். அந்த நீர்தான் ஆண்டுக்கணக்கில் திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றில் இறங்கியது. அந்த ஆற்றில் பாசனத்துக்காக 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று உழவரே கேட்கும் நிலை வந்ததே, நடுவர் அவர்களே, இதைவிடக் கொடுமை உண்டா?

அதை நிறுத்தியது எந்த வாடிக்கையாளர்? பனியன் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு நொய்யலைத் தெரியும்? உழவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாது என்று உறுதிப்படுத்திய பிறகே திறக்கலாம் என்றது. அதற்கப்புறம்தான் கழிவுநீரைச் சவ்வு வழியே வடிகட்டுவதும், மிஞ்சியதைக் காய்ச்சி உப்பைப் பிரிப்பதும், நீரையும் உப்பையும் மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்புவதும் அங்கே உண்மையாகவே நடைமுறைக்கு வந்தன. பலர் வேலை இழந்து தவித்தார்கள், மறைக்கவில்லை. சாயவேலை பக்கத்து மாவட்டங்களுக்குக் கள்ளத்தனமாக நகர்ந்ததும் உண்மை. ஒரு ஊருக்கு மட்டும் கடுமை காட்டினால் அப்படித்தான் ஆகும். அதனால்தான் துறை முழுக்க மாற வேண்டும் என்கிறோம்.

"பார்த்து வாங்குங்கள்" என்கிறார்கள். எதைப் பார்ப்பது? சட்டைக் காலரில் தைத்திருக்கும் சீட்டைத் திருப்புங்கள். நூறு சதவீதம் பருத்தி, வெந்நீரில் துவைக்காதே, அளவு நாற்பது. சாயத்தண்ணீர் எங்கே போனது என்று அதில் ஒரு வரி உண்டா?

விற்காத சரக்குக்கு வருவோம். இங்கிலாந்தின் பர்பெரி ஆடை நிறுவனம் ஒரே நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள பொருள்களை அழித்தது 2018இல் வெளிவந்தது. அவை யாருமே வாங்காதவை! வாங்காமலிருப்பது பூமியைக் காக்குமென்றால், இவை ஏன் அழிந்தன? எதிரணியினர் பதில் சொல்லட்டும். பிரான்ஸ் விற்காத துணியை அழிக்கக் கூடாது என்று 2020இல் சட்டமே போட்டுவிட்டது.

இன்னொன்று எனக்கு மனம் பொறுக்கவில்லை. தீபாவளிக்கு ஒரு செட் எடுத்து, அக்கா பாவாடையைத் தங்கைக்குப் பிடித்துத் தைத்து, கடைசியில் கரித்துணியாக்கும் தாய்மார்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தா "பழக்கத்தை மாற்று" என்பது?

சுத்திகரிப்புச் செலவு இன்று சாயப்பட்டறைக்காரர் தலையில் விழுகிறது. ஆர்டர் கொடுக்கும் பெரிய நிறுவனம் ஒரு பனியனுக்குப் பைசாவரை பேரம் பேசுகிறது. அந்தச் செலவில் ஒரு பங்கை ஆர்டர் ஒப்பந்தத்திலேயே எழுதித் தர வேண்டும். விற்காத சரக்குக்கு அந்த நிறுவனமே கணக்குக் காட்ட வேண்டும். இந்த இரண்டையும் சட்டமாக்கச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.